ஆயுத பூஜைக்குப் பிறகு எழாத கம்ப்யூட்டர்

போன வருஷம் ஆயுத பூஜை சமயத்தில் நடந்தது இது. பெங்களூரு பொம்மசந்திராவில், கியர் சக்கரங்கள் செய்யும் ஒரு சின்ன தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கம்ப்யூட்டர்கள் பதினெட்டு, பார்த்துக்கொள்ள நான் ஒருவன். வீடு மல்லேஸ்வரத்தில். மெட்ரோ பொம்மசந்திரா வரை வந்த பிறகு ஆர்.வி. ரோட்டில் ஒரு முறை இறங்கி ஏறினால் போதும். அதற்கு முன்னால் ஓசூர் ரோட்டு பஸ்ஸில் நின்றபடியே என் ஆயுளில் பாதி போயிருக்கும்.

என்னைப் பற்றி ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பழைய சாமான் வீட்டில் இருந்தால் பிடிக்காது. புது மிக்ஸி வாங்கினால் பழைய மிக்ஸி அன்றைக்கே எடைக்குப் போய்விட வேண்டும். இதற்காகவே என் மனைவி சில பாத்திரங்களை அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். இந்தக் குணம் வீட்டோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

எங்கள் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் ரூம் என்று ஒன்று உண்டு. செய்து முடித்த கியர்களை அங்கே ஒரு மெஷினில் வைத்து அளந்து பார்ப்பார்கள். அந்த மெஷினோடு இணைந்த கம்ப்யூட்டரில் இரண்டு லினக்ஸ் சிஸ்டம்கள் இருந்தன. அளவெடுக்கும் சாஃப்ட்வேர் பழைய சிஸ்டத்தில்தான் ஓடும். ரிப்போர்ட் தயாரிப்பது புதிய சிஸ்டத்தில். காலையில் ஆன் செய்ததும், எதை எழுப்பட்டும் என்று கேட்கிற குட்டி புரோகிராம் ஒன்று முதலில் வந்து நிற்கும். அதைத்தான் பூட் லோடர் என்போம். கறுப்புத் திரையில் ஒன்று போலவே இருக்கும் ஆறு வரிகள் வெள்ளை எழுத்தில் வரும். பத்து வினாடிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெஷின் ஆபரேட்டர்கள் பாதி நாள் தப்பான வரியை அழுத்திவிட்டு என்னைத் தேடி வருவார்கள்.

இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று, பூஜைக்கு இரண்டு நாள் முன்னால், திங்கட்கிழமை, அந்தப் பழைய பூட் லோடருக்குப் பதிலாக வேறொன்றைப் போட்டேன். இதில் வரிகள் கிடையாது, பெரிய பெரிய படங்கள்தான். அளவெடுக்க வேண்டுமானால் கியர் சக்கரப் படம், ரிப்போர்ட்டுக்குக் காகிதப் படம். அம்புக்குறி பட்டனைத் தட்டி என்டர் கொடுத்தால் வேலை முடிந்தது. எல்லோர் முன்னிலையிலும் பத்து முறை ரீஸ்டார்ட் செய்து காட்டினேன். பத்து முறையும் படம் அழகாக வந்தது. எங்கள் க்வாலிட்டி மேனேஜர் கன்னடக்காரர், லேசில் பாராட்ட மாட்டார். அவரே போனில் படம் எடுத்துக்கொண்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சந்தோஷத்தில், வீட்டில் செய்வது போலவே கம்ப்யூட்டருக்குள்ளும் பழசைச் சுத்தம் செய்தேன். பூட் லோடர்கள் இருக்கும் பகுதியில் பழைய லோடரின் ஃபோல்டர் ஒன்று இருந்தது. பக்கத்தில் வெறுமனே 'பூட்' என்று பெயர் வைத்த இன்னொரு ஃபோல்டர். திறந்து பார்த்தால் அதிலும் அதே பழைய லோடரின் நகல்தான். புதுசு வந்தாயிற்று, பழசுக்கு இங்கே என்ன வேலை என்று இரண்டையும் அழித்தேன். அழித்ததை அப்போதே மறந்தும் போனேன்.

புதன்கிழமை ஆயுத பூஜை. எங்கள் பக்கம் தொழிற்சாலைகளில் அது எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மெஷின் எல்லாவற்றையும் நிறுத்தி, மெயின் ஸ்விட்சை அணைத்து, மூலை முடுக்கெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து அனுப்புவார்கள். பூஜை போட்ட மெஷினை விடுமுறை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. இன்ஸ்பெக்‌ஷன் ரூமைத் துடைத்தது எங்கள் ஹவுஸ்கீப்பிங் அக்கா. என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர், கோலார் தங்கவயல்காரர். கல்யாணமாகி வந்ததிலிருந்து சந்தாபுரத்தில் வாசம். காண்ட்ராக்டர் மூலமாக வேலைக்கு வருபவர். கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கி, யுபிஎஸ்ஸையும் அணைத்து, மேசையை நகர்த்தி, பின்னால் வருஷக்கணக்காக இருந்த தூசியையெல்லாம் எடுத்தார். கம்ப்யூட்டர் பெட்டிக்கு மூன்று சந்தனப் பொட்டு வைத்து, மானிட்டருக்கு ஒரு முழம் சாமந்தி போட்டார். நானே நின்று கும்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை தொழிற்சாலை திறந்தது. அந்தக் கம்ப்யூட்டர் எழவில்லை. கியர் படமும் இல்லை, காகிதப் படமும் இல்லை. கறுப்புத் திரையில், பூட் செய்ய எதுவும் கிடைக்கவில்லை என்று இங்கிலீஷில் ஒரே ஒரு வரி. செவ்வாய்க்கிழமை வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆட்கள் சோதனைக்கு வருகிறார்கள். அதற்குள் அளவெடுத்து ரிப்போர்ட் கொடுக்க வேண்டிய சரக்கு தட்டு தட்டாக அடுக்கி இருந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, நீ போட்ட புதுச் சமாச்சாரத்தால்தானே என்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து முறை உங்கள் கண்ணெதிரில் ஓடியதே சார், அதன் பிறகு நடந்தது சுத்தம் செய்தது ஒன்றுதானே என்று சட்டென்று சொன்னேன். சொல்லிவிட்டுப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். காற்றுப் போகும் துளைகளுக்கு மேலே சந்தனம் வழிந்து காய்ந்த தடம் தெரிந்தது. அது போதுமானதாக இருந்தது எனக்கு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கோணலுக்குச் சாட்சியாகச் சந்தனமும் கிடைத்துவிட்டால் கேட்கவா வேண்டும்?

கோளாறு என்றால் எங்கள் ஆபீசில் ஒரு மெயில் போட வேண்டும். என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று என்று இரண்டு கட்டம் இருக்கும். 'ஏன்' கட்டத்தில், சுத்தம் செய்தபோது ஈரம் உள்ளே போனதால் என்று எழுதினேன். 'இருக்கலாம்' என்றுகூட எழுதவில்லை. பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எழுதி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அந்த ஒரு வரி நேராகக் காண்ட்ராக்டருக்குப் போயிற்று. சனிக்கிழமை வரைக்கும் வரட்டும், திங்கட்கிழமையிலிருந்து இந்த அம்மா வேண்டாம், வேறு ஆளை அனுப்பு என்று மேனேஜர் போனில் சொல்லிவிட்டார். மதியம் அக்கா என் அறை வாசலில் வந்து நின்றார். அழவில்லை, சத்தம் போடவில்லை.

"சார், நான் ஈரத்துணியே போடல. காஞ்ச துணிதான். ரூமுக்கு பக்கெட்டே எடுத்துட்டு வரல, வேணும்னா செக்யூரிட்டிய கேளுங்க" என்றார்.

பார்க்கலாம் அக்கா என்றேன். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று சொன்ன எனக்கும் தெரியும், கேட்ட அவருக்கும் தெரியும். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

பெட்டியை என் மேசைக்குத் தூக்கி வந்து, பென் டிரைவில் வைத்திருக்கும் இன்னொரு லினக்ஸைக் கொண்டு ஆன் செய்து உள்ளே எட்டிப் பார்த்தேன். டிஸ்க் நன்றாக இருந்தது. இரண்டு சிஸ்டமும் நன்றாக இருந்தன. நான் போட்ட பூட் லோடரும் போட்ட இடத்திலேயே இருந்தது. இல்லாதது ஒன்றுதான். பூட் லோடர் எந்த இடத்தில் இருக்கிறது என்று மதர்போர்டு தன் ஞாபகத்தில் ஒரு குறிப்பு வைத்திருக்கும். அந்தக் குறிப்பு காணாமல் போயிருந்தது. மறுபடி எழுதினேன். ரீஸ்டார்ட் செய்தேன், கியர் படம் வந்தது. ஐந்து முறை செய்து பார்த்தேன், ஐந்து முறையும் வந்தது. அப்பாடா என்று பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் இன்ஸ்பெக்‌ஷன் ரூமில் மாட்டினேன். பழையபடி கறுப்புத் திரை. அதே வரி.

இந்த இடத்தில் எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். இந்த முறை அக்கா பெட்டியின் பக்கமே வரவில்லையே. ஆனால் எழுதிவிட்ட ஒரு காரணத்தை விடுவது அவ்வளவு சுலபமில்லை. உள்ளே ஈரம் இன்னும் காயவில்லை, அதனால்தான் போர்டு மறந்து போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை காலை பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி மொட்டை மாடியில் வெயிலில் வைத்தேன். வேலைக்கு வந்த ஆபரேட்டர்கள் எட்டிப் பார்த்து, வடாம் எப்போது காயும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு மணி நேரம் வெயில், அப்புறம் ஒரு மணி நேரம் டேபிள் ஃபேன். குறிப்பை எழுதினால் எழுகிறது, பிளக்கைப் பிடுங்கினால் மறக்கிறது. மூன்று முறை இப்படியே ஆயிற்று.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் தரை துடைக்க அக்கா வந்தார். அவருக்கு அதுதான் கடைசி நாள். நான் காலைத் தூக்கிக்கொண்டேன். அவர் துடைத்தார். துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்தார். நான் பிளக்கைப் பிடுங்கி மாட்டுவதையும் பார்த்தார். மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒன்று கேட்கலாமா என்றார். கேளுங்கள் என்றேன்.

"பிளக்க புடுங்குனா இது டைம மறந்துடும் சார். திங்கக்கெழம திங்கக்கெழம பாக்கறேனே. டைமையே மறக்கற பொட்டி, நீங்க சொல்றத மட்டும் ஞாபகம் வெச்சிக்குமா?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் போனை வாசல் கேட்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இன்ஸ்பெக்‌ஷன் ரூமில் சுவர்க் கடிகாரம் கிடையாது. காண்ட்ராக்டரின் ரெஜிஸ்டரில் ஒவ்வொரு ரூமையும் எத்தனை மணிக்கு முடித்தோம் என்று எழுத வேண்டும். அதனால் இந்தக் கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் நேரத்தைப் பார்த்துத்தான் அவர் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை யுபிஎஸ் வரை எல்லாவற்றையும் அணைத்துவிடுவதால், திங்கட்கிழமை காலையில் அது தப்பான நேரம் காட்டும். நெட் வந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் தானாகச் சரியாகும். ஒரு திங்கட்கிழமை அதை நம்பி எழுதி, உள்ளே வருவதற்கு முன்பே ரூமைத் துடைத்துவிட்டாயா என்று சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கியிருக்கிறார். அதிலிருந்து திங்கட்கிழமைகளில் செக்யூரிட்டியிடம் மணி கேட்டுத்தான் எழுதுவாராம். இது பல மாதமாக நடக்கிறதாம்.

பல மாதமாக. அந்தக் கம்ப்யூட்டர் என் பொறுப்பு. எனக்கு இது தெரியாது.

செட்டப் திரையைத் திறந்து தேதியைப் பார்த்தேன். பல வருஷம் பின்னால் போய் ஜனவரி முதல் தேதியில் நின்றிருந்தது. மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதபோது நேரத்தையும் இந்த மாதிரிக் குறிப்புகளையும் காப்பாற்றுவது அதன் வேலை. எடுத்து மீட்டரில் வைத்தேன். முள் அசையவே இல்லை. பேட்டரி செத்தால் பல போர்டுகள் திரையில் கத்தும். இது வாயே திறக்காத ரகம். மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடை உண்டு. ஓடிப்போய்ப் புதிய பேட்டரி வாங்கி வந்து போட்டேன். குறிப்பை எழுதி, பிளக்கைப் பிடுங்கி, அறுபது வரை எண்ணி, மாட்டினேன். கியர் படம் வந்தது. மறுபடி பிடுங்கி மாட்டினேன். மறுபடியும் வந்தது.

அதோடு விட்டிருந்தால் என் மனசு கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பேட்டரி செத்தது யார் குற்றமும் இல்லையே. ஆனால் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. பல மாதமாகப் பேட்டரி இல்லை, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போர்டு எல்லாவற்றையும் மறந்திருக்கிறது. அப்படியிருந்தும் பழைய பூட் லோடர் மட்டும் எல்லாத் திங்கட்கிழமையும் எப்படி ஒழுங்காக எழுந்தது?

யோசிக்க யோசிக்க அந்த 'பூட்' ஃபோல்டர் கண் முன்னால் வந்தது. குறிப்பு எதுவும் இல்லாவிட்டால் போர்டு கடைசியாக ஒரே ஒரு இடத்தில் தேடிப் பார்க்கும். அந்த இடம்தான் அந்த ஃபோல்டர். அதற்காகவே அங்கே ஒரு நகல் வைக்கப்பட்டிருந்தது. இத்தனை மாதமும் அந்தக் கம்ப்யூட்டரை எழுப்பிக்கொண்டிருந்தது நான் குப்பை என்று அழித்த நகல். இதையெல்லாம் படித்தவன்தான் நான், இது எனக்குத் தெரியாததும் இல்லை. அழிக்கும்போது நினைக்கவில்லை, அவ்வளவுதான். புதிய லோடரின் நகல் ஒன்றை, போர்டு எதிர்பார்க்கும் பெயரிலேயே அந்த இடத்தில் வைத்தேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆன் செய்து பார்த்தேன். பேட்டரி இல்லாமலே எழுந்தது.

இப்போது வெட்கப்பட வேண்டிய பகுதியைச் சொல்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் நான் போட்ட மெயிலில், பேட்டரி தீர்ந்திருந்தது, மாற்றிவிட்டேன், கம்ப்யூட்டர் வேலை செய்கிறது என்று எழுதினேன். மூன்றும் உண்மை. ஃபோல்டரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. பேட்டரி என்று சொன்ன பிறகு அக்கா மேல் பழி நிற்காது, தானாகச் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டு மெட்ரோ ஏறினேன். அவர் கிளம்பும்போது நான் போய்ப் பார்க்கவும் இல்லை.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் ரூமில் வேறொரு பெண் துடைத்துக்கொண்டிருந்தார். மேனேஜரிடம் ஓடினேன். அந்த அம்மா மேல் தப்பில்லை சார், பேட்டரிதான் என்றேன். அவருக்குச் செவ்வாய்க்கிழமைக் கவலை. அந்தம்மா பிளக்கைப் பிடுங்கியதால்தானே பேட்டரி போயிற்று என்றார். அப்படி இல்லை என்று ஆரம்பித்தேன். "ஆய்த்தல்லா, பிடப்பா" என்றார். ஆகிவிட்டதே, விடப்பா என்று அர்த்தம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் என் பக்கம் பத்திரமாக இருந்தது, பழி மட்டும் சந்தாபுரம் போய்விட்டது.

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். பாதி உண்மை சொன்னால் பாதியாவது சரியாகும் என்று நினைத்திருந்தேன். அதனால் ஒன்றுமே சரியாகவில்லை. வெள்ளிக்கிழமை நான் எழுதிய வரி அப்படியே நின்றது. அதைத் தள்ளுவதற்கு அதைவிடக் கனமான ஒரு வரி வேண்டும். அது என்னிடம்தான் இருந்தது. எழுதப் பயமாகவும் இருந்தது. சின்ன கம்பெனியில் ஒரு முறை கெட்ட பெயர் வாங்கினால் அது நம்மோடு கேன்டீன் வரை வரும்.

எழுதினேன். கம்ப்யூட்டர் நின்றதற்குக் காரணம் நான் ஒரு ஃபோல்டரை அழித்தது. பேட்டரி செத்திருப்பதை மாதக்கணக்காக நான் கவனிக்கவில்லை. புதிய லோடரைப் போட்ட பிறகு பிளக்கைப் பிடுங்கிச் சோதிக்கவில்லை. சுத்தம் செய்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, வெள்ளிக்கிழமை நான் எழுதிய காரணம் எதையும் பார்க்காமல் எழுதியது. பேட்டரி விஷயத்தைக் கண்டுபிடித்ததும் நான் இல்லை, அந்த அம்மாதான்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, மெயிலைத் திரையில் வைத்து இன்னொரு முறை படித்தார். இதை முதலாளிக்கு அனுப்பினால் பெயர் கெடுவது உனக்குத்தான், தெரியுமா என்றார். தெரியும் சார், அனுப்புங்கள் என்றேன். நன்றாகத் திட்டினார். கன்னடத்தில் திட்டு கொஞ்சம் மெதுவாகத்தான் உறைக்கும் என்று நினைத்திருந்தேன், அப்படியில்லை. திட்டி முடித்துவிட்டுக் காண்ட்ராக்டருக்குப் போன் போட்டார். அதற்குள் அக்காவை ஜிகணியில் வேறு கம்பெனியில் போட்டிருந்தார்கள். சந்தாபுரத்திலிருந்து அங்கே இரண்டு பஸ். திரும்ப வர வியாழக்கிழமை ஆயிற்று.

அன்று காலை இன்ஸ்பெக்‌ஷன் ரூமுக்குப் போனேன். அவர் மானிட்டரில் காய்ந்துபோன சாமந்தி மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். மன்னித்துவிடுங்கள் அக்கா என்றேன். மெயிலில் என்ன எழுதினேன் என்று சொன்னேன். பரவாயில்லை சார் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பொதுவாக அப்படித்தானே சொல்வார்கள். அவர் மாலையைக் குப்பைக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டார்.

"அன்னிக்கு காஞ்ச துணின்னு சொன்னேன் இல்ல சார். அப்பவே செக்யூரிட்டிய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. மணி சொல்வது போலத்தான் சொன்னார். அவர் அடுத்த ரூமுக்குப் போய்விட்டார்.

அந்தக் கம்ப்யூட்டர் இன்றுவரை மக்கர் செய்யவில்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டியைப் பற்றியும் நான் இப்போது வாய் திறப்பதில்லை. ஆனால் எங்கே எது பழுதானாலும், 'ஏன்' என்ற கட்டத்தை நிரப்பக் கையை வைக்கும்போது அந்த வாக்கியம் காதில் விழுகிறது. எழுந்து போய், அந்த மெஷினைக் கடைசியாகப் பார்த்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.